பட்டிப்பூ

மாங்குளத்துக்குக் கிழக்கே, ஏழாம் பாதையில்
இந்தச் செடியை நான் வெட்டியிருக்கிறேன்.
கண்ணிவெடி தேடுமுன் பற்றை அகல வேண்டும்:
வேரைப் பிடுங்காமல், மண் அசையாமல்,
ஒவ்வொரு காம்பாய், கத்தரியால்.
ஆடும் வாய்வைக்காத செடி.
ஊதா. சிலவேளை வெள்ளை.
வாளியில் அள்ளி நாடாவுக்கு வெளியே கொட்டினேன்.

வவுனியா ஆஸ்பத்திரியில்
அதுதான் குழாயால் இறங்குகிறது.
நிறமே இல்லையே என்றேன்.
"பூவில்லை, இலை" என்றா பர்வீன் மிஸ்.
"ஒரு கிராமுக்கு லொறிக் கணக்கில இலை."

தவமலரக்கா அதே செடியை அவித்துப்
பால்மாப் பேணியில் கொண்டுவந்தா.
வாழையடியில் ஊற்றினேன்.
அவவுக்குச் சொல்லவில்லை.
வாழை குலை தள்ளியிருக்கிறது.

டொக்டர் கடதாசியில் வட்டங்கள் கீறினார்.
காவல் நிற்கும் வெள்ளையணுக்கள்
கட்டியை உரசிக்கொண்டே கடந்து போகுமாம்;
அதற்குச் சொந்தப் பிள்ளையின் முகமாம்.
மருந்து பட்ட கலம்
சிலவேளை சும்மா சாகாதாம்.
உள்ளே ஒளித்ததொன்றை
வெளித்தோலில் எடுத்து வைத்துவிட்டுச் சாகுமாம்.
அதைக் கண்டுதான் காவல் விழிக்குமாம்.
"எல்லாருக்கும் நடக்குமெண்டில்லை.
இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு."

எனக்கு விளங்கியது.
சிவப்புத் தலைத் தடி.
இங்கே கிடக்கிறது, இவ்விடம் பார், என்று
நட்டுவிட்டு நகர்வது.
பதினொரு வருடம் நட்டேன்,
புதைத்தவனுக்கே மறந்துபோன இடங்களில்.

நாலாம் ஊசியோடு விரல்நுனிகள் போயின.
சட்டைத் தெறி தெரியவில்லை.
சோற்றின் சூடு தெரியவில்லை.
கோலை முப்பது பாகையில் சரித்துச் செருக
இரும்பா வேரா என்று
எனக்கு முதல் சொன்ன விரல்கள்.
ஜெயரதி போன் எடுத்தாள்:
ஏழாம் பாதையைப் புதுப்பிள்ளைக்குக் கொடுத்தாச்சாம்.
"ஆறுதலா வா" என்றாள்.
வா என்றாளா, வராதே என்றாளா.

இரவு.
கழுத்துக் கட்டி வற்றியதா என்று தடவுகிறேன்.
என் கைக்கு அது கழுத்துமில்லை, கட்டியுமில்லை.
உழவுமெசின் பிடித்துக் காய்த்த
சற்குணத்தின் விரலைப் பிடித்து வைக்கிறேன்.

அமத்தாதை.
பக்கத்தால வா, மேலால இல்லை.
மூச்சை விட்டிட்டு.
ம்.
முந்தி எவ்வளவு இருந்தது, ஞாபகமிருக்கா?