விடு

லோயர் பரேலில் முப்பத்திரண்டு மாடி.
மழைக்கு முந்திய மே மாதம், கண்ணாடி கையைச் சுட்டது.
பத்தொன்பதில் தொங்கிக்கொண்டிருந்தான் பிச்சைக்கனி.
ஒரு சிமென்ட் கறையோடு அரைமணி நேரமாக வழக்கு.
மொட்டைமாடியில் நான். எனக்குப் பின்னால்
கயிற்றின் பிரேக்கில் கை வைத்தபடி இசக்கிதுரை.

அந்தக் கறை போகாது என்று தெரிந்துவிட்டது.
குனிந்து கத்தினேன்:
"விடு!"

இசக்கிதுரை விட்டான்.

ஆறடி.
ஆறடிதான்; இரண்டாவது கயிறு பிடித்துக்கொண்டது.
வாளி மட்டும் நிற்காமல் போய்
நாலாம் மாடி வலையில் விழுந்தது.
பதினெட்டில் டை கட்டிய ஒருவர்
காகிதக் கோப்பையை உதட்டில் வைத்தபடி
பிச்சைக்கனியின் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழே வந்ததும் இசக்கிதுரையை அடிக்கக் கை ஓங்கினேன்.
அவன் நகரவில்லை.
"நீங்கதானண்ணே விடுன்னீங்க."

ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
தலையைச் சொறிந்துகொண்டேன்.

வடாபாவைப் பிய்த்தபடி பிச்சைக்கனி சொன்னான்,
"நான் வேற நெனச்சேன்."
சுவரிலிருந்து காலை விடச் சொல்கிறேன் என்று
அப்போதுதான் காலை எடுத்திருந்தானாம்.

பதினோரு வருடமாக அந்தச் சொல்லைக் கத்துகிறேன்.
அது போய்ச் சேர்ந்த இடத்தை
ஒருநாளும் விசாரித்ததில்லை.
ரயிலில் மாஹிம்வரை நின்றுகொண்டே எண்ணிப் பார்த்தேன்,
எத்தனை விடு, யார் கையில் எதை நழுவவைத்ததோ.

மறுநாள் கயிறு கட்டுமுன்
மூவரும் உட்கார்ந்து சொற்களைப் பங்கு வைத்தோம்.
இறக்கு என்றால் கயிறு மட்டும்.
நிறுத்து என்றால் எல்லாமும், மூச்சைத் தவிர.
கறைக்கு ஒரு சொல் வேண்டுமே என்றேன்.
"கறை கெடக்கட்டும்" என்றான் பிச்சைக்கனி.
அதையே வைத்துக்கொண்டோம்.
கேட்டவன் திருப்பிச் சொல்லவேண்டும்.
சொல்லும்வரை எந்தக் கையும் அசையக் கூடாது,
கத்துவது நானே ஆனாலும்.
விடு மட்டும் வேண்டாம்.
வீட்டில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம்.

போன செவ்வாய் கர்மார்க்கர் சாரின் போன்.
கையுறை கழற்றச் சோம்பி ஸ்பீக்கரில் போட்டேன்.
சீக்கிரம் முடிக்கணுமாம்.
"சீக்கிரம்னா எத்தனை மணிக்கு சார்?"
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஏசி ஓடும் சத்தம்.
பிறகு ஒரு சிரிப்பு:
"சோடோ யார்."

எனக்குப் பின்னால் இசக்கிதுரை
கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு
போனைப் பார்த்துக் கேட்டான்:
"எதை சார்?"