கூக்கால் கோபுரம், இரவு 2.40

இருபத்திரண்டு கிலோ.
கயிற்றில் இழுத்து உச்சியில் மாட்டினேன்.
உறைபனியில் விரல் போல்ட்டோடு ஒட்டியது.

ஒரகடம் கம்பெனி இன்ஜினியர் போனில் சொன்னார்:
"பழைய ரேடியோ மாதிரி இல்லை வேலப்பா,
இது தானே யோசிக்கும்.
யாரும் பேசாத நேரம் பார்த்துத் தூங்கிக்கொள்ளும்."

மூன்றே வாரம்.
ரெண்டிலிருந்து நாலுவரை
கூக்காலில் எவரும் பேசுவதில்லை என்று
கற்றுக்கொண்டது.
பூண்டுக் காட்டுக் காவல்காரன்
காட்டெருமையைப் பார்த்துக் கத்துவது
கணக்கில் வராது.

கீழ்த்தெரு பவுனுத்தாய்க்கு ஒன்பதாம் மாதம்.
வலிக்கு மணி பார்க்க
யார் சொல்லிக்கொடுப்பது?

தினமும் அலாரம் வைத்து எழுகிறேன்.
என் ஒரு நம்பரிலிருந்து இன்னொன்றுக்கு
மிஸ்டு கால்.
முதல் தடவை போகாது.
மூன்றாவதில்
உச்சியில் பச்சை விளக்கு
திடுக்கிட்டு விழிக்கும்.

படிச்சுக்கோ.
இந்த நேரத்திலும்
ஊரில் ஆள் உண்டு.