ஜெர்மேனியத்துக்கு வேர்த்தால்

ஜனவரி. வெளியே மைனஸ் பத்தொன்பது.
அன்னெலின் குடியிருப்பின் ஏழாம் மாடியில்,
ரொட்டி வெட்டும் பலகையின் மேல்
ஒரு டிரான்சிஸ்டரை மல்லாத்திப் போட்டிருக்கிறேன்.
மூன்று கால், ஒரு தகரத் தொப்பி.
யார் வீட்டு ரேடியோவிலோ
அறுவடைக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தது இது,
நான் பிறப்பதற்கு முன்.
பழைய சாமான் சந்தையில் ரைவோ
ஆணி வாங்குவதுபோல நிறுத்து வாங்கிவந்தான்.
பதினொன்றில் எட்டு செத்தவை.
ஒன்று ஓயாமல் கசிகிறது.
மிச்சம் இரண்டு.
இரண்டு போதும்.

பகலில் நான் ரொட்டி ஆலையில்.
நகக்கண்ணில் கம்பு மாவு.
ராத்திரி அதே விரல்களுக்கு ஈயம்.
பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு என்று முணுமுணுத்தபடி
ரெசிஸ்டர்களின் பட்டைகளை எண்ணுகிறேன்.
பற்றவைத்தது பற்றியதா, பற்றியதுபோல் நடிக்கிறதா
என்று ஊதிப் பார்க்கிறேன்.
மினுங்கினால் பற்று.
மங்கினால் பாசாங்கு.

வரைபடம் கிட்டார்காரர்கள் கிட்டாருக்கென்று வரைந்தது.
வாசலில் காவல் நிற்கும் கெப்பாசிட்டர் பொடிசு.
என் பாஸின் தடித்த தந்தி
குனிந்தாலும் நுழைய முடியாது.
அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு
பத்து மடங்கு பெரியதை வைத்தேன்.
வா எருமையே,
கொம்பைச் சாய்க்காமலே வா.

முதல் இரவு ஒன்றுமில்லை.
இரண்டாம் இரவும் ஒன்றுமில்லை, கூடவே தீய்ந்த வாடை.
மூன்றாம் இரவு, பல் துலக்கும்போது உறைத்தது:
இந்தச் சுற்றுக்கு நேர்முனைதான் தரை.
ஊரே கால் ஊன்றும் இடத்தில்
இவனுக்குத் தலை.
வாயில் நுரையோடு ஓடிப்போய்
பேட்டரியைத் திருப்பினேன்.

ஆம்ப் வாயைத் திறந்து
ரஷ்ய மொழியில் பேசிற்று.

ஒரு பெண்குரல். கப்பல்களுக்கான காற்றறிக்கை.
கம்பியைத் தொட்டால் நெருங்குகிறாள்,
விட்டால் மங்குகிறாள்.
ஆலையில் பாதிப்பேர் பேசும் மொழி, பாதி புரிந்தது.
கீழ்வீட்டுக்காரர் வெந்நீர்க் குழாயைத் தட்டினார்.
அவளை உடனே வெளியேற்ற மனம் வரவில்லை.
ஒரு கோப்பைத் தேநீர் முடியும்வரை இருக்க விட்டேன்.
அப்புறம் எல்லாவற்றையும்
புகைபோட்ட மீன் இருந்த டப்பாவில் திணித்து,
மூடி, விளிம்பெல்லாம் ஒட்டுநாடா சுற்றினேன்.
(மூன்று தரம் கழுவியும் மீன் போகவில்லை.)
குரல் அறுந்தது.
தடித்த தந்தியை ஒரே ஒரு தரம் தட்டினேன்.
எமயேகி ஆற்றின் மேல் பனிப்பாளம் பிளக்கும்போது வருமே,
அது.
ஆனால் முடியாமல் நீண்டுகொண்டே.

சனிக்கிழமை, பழைய கொதிகலன் கூடம்.
நூற்றிருபது பேர், அத்தனை பேர் மேலும் கம்பளி.
சுவரெல்லாம் வழிகிறது.
இரண்டாம் பாட்டு நடுவில்
என் எருமை இளைத்து, ஆடாகி,
கடைசியில் கொசுவானது.
ஜெர்மேனியத்துக்குச் சூடு ஆகாது.
சூடானால் கசியும்,
கசிந்தால் இன்னும் சூடாகும்.
தெரிந்ததுதான்.
தெரிந்து என்ன செய்ய, மேடையில்?

ஹெல்வெ டிரம்ஸிலிருந்து எழுந்தாள்.
டயர் கடையில் வேலை, ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுவாள்.
குச்சிகளை இடுப்பில் செருகிக்கொண்டு
கதவைத் தள்ளி வெளியே போனாள்.
நானும் ரைவோவும்
அசடு வழிந்தபடி ஒரே சுரத்தைச் சுற்றிவந்தோம்.
திரும்பி வந்தவள் கையில்
யார் வீட்டு நாயின் கிண்ணமோ, நிறையப் பனி.
டப்பாவை அதில் கழுத்துவரை புதைத்தாள்.
“வாசி,” என்றாள்.
அன்றைய ஐந்தாவது வார்த்தை.

முதலில் ஒரு இருமல்.
அப்புறம் கொம்பு தெரிந்தது.

கடைசிப் பாட்டில் பனி உருகி
டப்பா மிதக்கத் தொடங்கியது.
பூட்ஸைக் கழற்றிவிட்டு
காலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டே வாசித்தேன்.
வீட்டுக்கு நடக்கும் வழியில்
காலுறை பூட்ஸுக்குள் அட்டையாக விறைத்தது.

இப்போது மணி இரண்டு.
மேசை மேல் டப்பாவைத் திறந்து
உலரட்டும் என்று வைத்திருக்கிறேன்.
வயரைப் பிடுங்கவில்லை, ஆம்பையும் அணைக்கவில்லை.
அவள் வந்துவிட்டாள்.
வடமேற்குக் காற்று, வினாடிக்கு ஏழு மீட்டர்,
விடிவதற்குள் தணியும் என்கிறாள்.
கீழ்வீட்டுக்காரர் இன்னும் தட்டவில்லை.