பெட்டிக்காரன் கணக்கு

சாவுச் செய்தி சொல்லி யாராவது கூப்பிட்டால்
நான் முதலில் கேட்பது
பிள்ளைகள் எந்த ஊரில்.
துபாய் என்றால் ஒரு நாள் வாடகை.
மெல்பர்ன் என்றால் இரண்டு.
அமெரிக்கா என்றால் எந்தக் கரை என்று கேட்பேன்,
கிழக்குக்கும் மேற்குக்கும்
ஒரு கேன் டீசல் வித்தியாசம்.

பத்தாவதில் பூகோளத்தால் உட்கார்ந்தவன் நான்.
மிச்சத்தைச் சொல்லிக்கொடுத்தவை
செக்காலை ரோட்டுக் கடையில் நிற்கும்
நாலு குளிர்பெட்டிகள்.

ஆவணியில் கோட்டையூர்ச் சாத்தப்பன் போனார்.
ஒரே மகள், சியாட்டில்.
அங்கிருந்து சிங்கப்பூர்
பதிமூவாயிரம் கிலோமீட்டர், பதினாறு மணி நேரம்.
சிங்கப்பூர் திருச்சி நாலு.
திருச்சியிலிருந்து புதுக்கோட்டை வழியாகக் காரில் இரண்டேகால்.
நடுவில் காத்துக் கிடப்பது எவ்வளவு என்று
எவரும் சொல்வதில்லை.
அங்கேதான் கணக்கு உதைக்கும்.

பங்காளி வீட்டு வயிரவன்
விமானத்தைப் போனில் வைத்துக்கொண்டு
தூணோரம் உட்கார்ந்திருந்தான்.
நீலத்தின் மேல் ஒரு மஞ்சள் பூச்சி,
நகர்கிறதா இல்லையா என்றே தெரியாது.
“ஜப்பானைத் தாண்டிட்டா” என்பான்.
உள்ளே அழுகை நிற்கும்,
மூக்கைச் சிந்துவார்கள்,
ஜப்பானைப் பற்றி யாரோ ஒரு வார்த்தை சொல்வார்கள்,
பிறகு விட்ட இடத்திலிருந்து.

மறுநாள் ஒன்பதுக்குக் கரண்டு போயிற்று.
மாதாந்திரப் பராமரிப்பு,
பேப்பரில் போட்டிருந்தார்களாம்.
எழவு வீட்டில் யார் பேப்பர் பார்க்கிறது.
ஜெனரேட்டர் கயிற்றை இழுத்தேன்.
ஆறாவது இழுப்பில் இருமி,
ஏழாவதில் பிடித்தது.
“கடலுக்கு மேல வர்றா” என்றான் வயிரவன்.

வந்தாள் உமையாள்.
கழுத்துத் தலையணையைக் கழற்றக்கூட மறந்து
அப்படியே.
கண்ணாடியில் பூத்திருந்த ஈரத்தை
உள்ளங்கையால் துடைத்தாள்.
அப்புறம் என்னைப் பார்த்தாள்.
பெட்டிக்காரனை யாரும் பார்ப்பதில்லை.

“எவ்வளவு?” என்றாள்.
“நாளைக்கு ரெண்டாயிரத்து ஐந்நூறுங்க,
டீசல் தனி…”
“உள்ளே. குளிர்.”
“ரெண்டு டிகிரி. சில நேரம் ஒண்ணு.”

தலையாட்டினாள்.
“வெளியே மைனஸ் அம்பத்து நாலு.
முன் சீட்டுத் திரையிலே போட்டுக்கிட்டே வந்தான்.
மீதித் தூரம், மீதி நேரம், வெளியே குளிர்.
மூணும் மாத்தி மாத்தி.
படம் போடத் தெரியலை எனக்கு.”

கொஞ்சம் கழித்து,
“அப்பச்சிக்குக் குளிர் ஆகாது.”

யாரையும் கேட்காமல் சுவிட்சை அணைத்தேன்.
மயானம் ஒரு கிலோமீட்டர் வராது,
தூக்கிப்போனால் கால் மணி நேரம்.
நாலு பேர் கை கொடுக்க, மூடியைத் திறந்தோம்.

தூணோரம் வயிரவன் வைத்துவிட்டுப் போன போன்
இன்னும் எரிந்துகொண்டிருந்தது.
அவளை இறக்கிவிட்ட விமானம்
வேறு ஆட்களை ஏற்றிக்கொண்டு
அதே கடலுக்கு மேல்
அந்தப் பக்கமாய்ப் போய்க்கொண்டிருந்தது.