கேட்டால் கையை உயர்த்துங்கள்

வெஸ்தெரோஸ் நகரில் ஒரு பீட்சா கடைக்குக் கீழே
நிலவறை. பிப்ரவரி.
தயாரிப்பாளரின் பெயர் ஓகே.
நிஜமாகவே பெயரே அதுதான்,
எதற்கும் ஓகே சொன்னதில்லை அந்த மனிதன்.

கோட்டு மாட்டும் அலமாரிக்குள்
இரண்டு போர்வையைத் தொங்கவிட்டு
உன்னை நிறுத்தினான், யில்வா.
அன்று உனக்கு நல்ல ஜலதோஷம்.
மேலே மாவு பிசையும் எந்திரம் ஓயக் காத்திருந்து
மூக்கடைத்த குரலில் பாடினாய்
நாலே சொல்லை, நாற்பது தரம்.
இடையில் எட்டு வரி வேகமாகப் பேசிவிட்டு
நான் பஸ் பிடிக்க ஓடினேன்.
நிமிடத்துக்கு நூற்று முப்பத்தெட்டு அடி.
இதயம் அப்படி அடித்தால் டாக்டரிடம் போவோம்.
ஐரோப்பா ஆடப் போயிற்று.

ஜூலைக்குள் வார்சா, லிஸ்பன், லியோன்.
வெள்ளி நிறப் பிளாஸ்டிக் கால்சட்டை
உட்கார்ந்தால் கிழியும் என்பதால்
விமான நிலையங்களில் நின்றே இருந்தாய்.
தொலைக்காட்சியில் உன் கையில் தந்த மைக்கின் வயர்
எதிலும் செருகப்படாமல் தரையில் கிடந்தது,
தூங்கும் பூனையின் வால் மாதிரி.
அதை மிதிக்காமல் ஆடினாய், மரியாதையாக.

கையை உயர்த்துங்கள் என்பாய்.
நாற்பதாயிரம் கை.
காற்றில் நாணல் என்று எழுதியது ஒரு பத்திரிகை.
எனக்கென்னவோ
மூழ்குகிறவர்கள் போலத்தான் தெரிந்தது.

அடுத்த இசைத்தட்டுக்குள்
ஜலதோஷம் குணமாகிவிட்டது.
தெளிந்த குரல். ஓகே உதட்டைப் பிதுக்கினான்:
இது யாரோ.
தலையை நனைத்துக்கொண்டு பின்வாசல் பனியில்
மைனஸ் பதினொன்றில் நின்றாய்.
தும்முகிறாயா என்று ஜன்னலுக்குள்ளிருந்து
பார்த்துக்கொண்டிருந்தோம்.
என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.
காய்ச்சல் வந்தது. பாட்டு வரவில்லை.

பிறகு நடந்ததைச் சொல்ல ஒரு ஃபேக்ஸ் போதும்.
ஒரு ஃபேக்ஸ்தான் வந்தது.

நான் ட்ராம் ஓட்டப் போனேன்.
ஊருக்கெல்லாம் நான் அந்த ராப் ஆள்,
எப்ரிமா என்று கூப்பிடுகிறவள் நீ ஒருத்திதான்.
நீ படித்தாய்.
முப்பத்தொரு வயதில், பத்தொன்பது வயதுப் பிள்ளைகளோடு,
காதுக்குள் இருக்கும் மூன்று எலும்பின் பெயர்களை.

இப்போது சுண்ட்ஸ்வால் ஆஸ்பத்திரி,
செவிப் பரிசோதனை அறை.
தடித்த சுவர், கண்ணாடி, ஹெட்ஃபோன்.
மறுபடி ஓர் அலமாரி. இம்முறை நீ வெளியே.
ஒலி கேட்டால் கையை உயர்த்துங்கள்.
நம் வயதுக்காரர்கள் வருகிறார்கள்,
நாலாயிரம் ஹெர்ட்ஸில் ஒரு பள்ளத்தோடு.
எங்கே தொலைத்தீர்கள் என்று கேட்கவேண்டும்,
படிவத்தில் இருக்கிறது.
மரம் அறுக்கும் ஆலை என்பார்கள். ராணுவம் என்பார்கள்.
சிலர் மட்டும் கூச்சத்தோடு:
ஸ்பீக்கரை ஒட்டி நின்றேன், தொண்ணூற்றைந்தில்.
எழுதிக்கொள்வாய்.
யாருடைய ஸ்பீக்கர் என்பதற்குக் கட்டமில்லை.

நேற்று போனில் சொன்னாய்:
வந்தவர் தூர்பியோர்ன், லாரி ஓட்டுகிறவர்.
உனக்கு ஜலதோஷம்.
தயாரா, என்றாய் மைக்கில்.
இன்னும் பொத்தானை அழுத்தவில்லை,
கண்ணாடிக்கு அந்தப்பக்கம்
அவர் கை மேலே போயிற்று.
ஒன்றல்ல, இரண்டும்.

என்ன செய்தாய் என்றேன்.
தும்மினாய்.

ஒலி இல்லாமலே பதில் என்று
எழுதவேண்டுமாம், விதிப்படி.
அந்தக் கட்டத்தை இன்னும்
காலியாக வைத்திருக்கிறாயாம்.