நின்ற நிலையில் ஒரு படம்

உட்காரவைத்து எடுத்த படத்தில்
மாசானமுத்துவின் வலது பாதம்
எந்தக் குறையும் சொல்லவில்லை.
"எந்திச்சு தட்டுமேல நில்லுங்க."
"முழு வெயிட்டுமா மேடம்?"
"ஏணியில எப்படி நிப்பியளோ, அப்படி."

பணகுடிக்குத் தெற்கே, கணவாய்க் காற்றில்
எண்பது மீட்டர் ஏறி
காற்றாலைக்கு போல்ட் முடுக்குகிற கால்.
நின்றதும் விரிந்தது.
ஐந்து நீள எலும்புகளும்
பக்கத்து எலும்பை விட்டு விலகின.
அரைவிரல் அகலம் கூடுதல்.

பாதத்துக்கு இருபத்தாறு எலும்பு.
அதுபோக, பெருவிரல் வேரில்
தசைநாணுக்குள் புதைந்து இரண்டு எள்.
பேரே எள்ளெலும்புதான்.
கணக்கில் சேராத அவை
ஒவ்வொரு படிக்கும் ஆளைத் தாங்குகின்றன.
கணுக்காலில் இன்னொன்று:
ஒரு தசைகூட அதைப் பிடித்துக்கொள்வதில்லை.
மேலே கால், கீழே குதி,
நடுவே அது பாட்டுக்கு அசையும்.
படிக்கிற காலத்தில் எனக்கு அதன்மேல் ஒரு பிரியம்.

ஷூ கம்பெனி கொடுத்தது. எட்டாம் நம்பர்.
"அகலம் பாத்தாங்களா?"
"அதுக்கும் நம்பர் உண்டா மேடம்?"

ஒன்பது வாங்கிப் பார்த்திருக்கிறார்.
விரலுக்கு இடம் கிடைத்தது, குதி கழன்றது.
நூற்றி நாற்பதாவது படியில்
கால் எழுந்தது, ஷூ எழவில்லை.
"அன்னைக்கு மட்டும் கொக்கி மாட்டாம..."
மறுநாளே எட்டுக்குத் திரும்பிவிட்டார்.

டாக்டர் சீட்டில் ஷூ பற்றி ஒரு சொல் இல்லை.
மாடியேறி எழுதி வாங்கி வந்தேன்:
ஷூவோடு, நின்ற நிலையில்.

விரல்நுனிகள் இருக்கவேண்டிய இடத்தில்
இரும்பு மூடியின் முழு வெள்ளை.
அதன் வாசலில் முட்டிக்கொண்டு எலும்புகள்,
மூன்று பேர் சீட்டில் ஐந்தாவது ஆளாகச் சுண்டுவிரல்.
ஐந்தாம் எலும்பின் இடுப்பில்
மயிர்க்கோடாக ஒரு முறிவு.

முதல் படத்தை மறுபடி வெளிச்சத்தில் வைத்தேன்.
அங்கேயும் இருந்தது கோடு.
நான்தான் பார்க்கவில்லை.

ஆறு வாரம் மாவுக்கட்டு.
படத்தை உறையில் போடும்போது கேட்டார்:
"இதுல ஒரு காப்பி, சூப்பர்வைசருக்கு?"

பன்னிரண்டு நாள் கழித்து
துடைத்த தரை காயுமுன் நான்கு பேர்.
"மாசானத்துக்கு எடுத்தியள்லா, அதே மாதிரி."
"சீட்டு?"
"சீட்டெல்லாம் இல்ல."
"ஓ.பி.யில டோக்கன் போட்டு வாங்க. இருக்கேன்."

ஷூவை வாசலிலேயே விட்டுவிட்டு
வெறுங்காலோடு போனார்கள்.
ஈரத்தில் தடங்கள்:
ஒன்று வளைவே இல்லாத பட்டை,
ஒன்று நடுவில் அறுந்து, முன்பாதம் வேறு, குதி வேறு,
ஒன்றில் பெருவிரல் மற்ற விரல்களின்மேல் சாய்ந்து;
நான்காவது ஆள் விரல்களை
ஊன்றவே இல்லை.

பேச்சித்தாய் மாப்போடு வந்தாள்.
"கொஞ்சம் பொறுங்க, தானா காயட்டும்" என்றேன்.
வாசலுக்குப் போய்
ஒவ்வொரு ஷூவாகத் திருப்பிப் பார்த்தேன்.
எட்டு. எட்டு. எட்டு.
நான்காவதில் நம்பர் தேய்ந்திருந்தது.