நான்கு மணி நேர உத்தரவாதம்

மேசைமேல் இரண்டு கொட்டேஷன்.
ஒன்று ஃபைபர் வழி:
கண்ணாடி நரம்பு, தனி சுவிட்ச், தனி பாஷை.
விலையில் இருக்கும் சைபர்களை
விரல் வைத்து நகர்த்தித்தான் எண்ண முடிகிறது.
மற்றது நம்மிடம் இருக்கும் நெட்வொர்க் கேபிளிலேயே
தொற்றி ஏறிவிடும்,
கூட்ட பஸ்ஸில் முட்டைக்கோஸ் மூட்டையோடு
ஏறுகிறவரைப் போல.

போஜன் சார் கேட்டார்:
எதும்மா வேகம்?

முதலாவதுதான் சார்.
கண்ணிமைக்குள் ஆயிரம் தடவை போய்வரும்.

அதை விற்க வந்தவர்
கோவையிலிருந்து எலுமிச்சையை முகர்ந்துகொண்டே வந்தார்.
வளைவுகள் அவரை இன்னும் விடவில்லை.
அரை டம்ளர் டீ குடித்தபின் சொன்னார்:
டிஸ்க் போனால் நாலு மணி நேரத்தில்
புதுசு உங்கள் கையில்.

ஞாயிறு ராத்திரியுமா?

எந்த ராத்திரியும், மேடம்.

குஞ்சப்பனைக்கு மேலே மண் சரிந்தால்?

அவர் காகிதங்களைப் புரட்டினார்.
மண் என்ற சொல்
ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை.

இன்னொருவர் வரவேயில்லை, போனிலேயே முடித்தார்:
இதெல்லாம் எதுக்கு, எல்லாவற்றையும் கிளவுடில் போடுங்கள்.
ஜன்னலைப் பார்த்தேன்.
மேகம் அப்போதுதான் எங்கள் கேட்டைத் தாண்டி
வாட்ச்மேனை விழுங்கிவிட்டு
எடை மேடைப் பக்கம் வந்துகொண்டிருந்தது.
லீஸ்டு லைன்
காலையிலிருந்தே இல்லை.

சேமிப்பது என்ன பெரிய ரகசியம்?
ஆயிரத்து நூற்று நாற்பது பேரின் பச்சை இலை.
யார், எந்த நாள், எத்தனை கிலோ,
ஈரத்துக்குக் கழித்தது எவ்வளவு.
அவ்வளவுதான்.
அதுதான் போன நவம்பரில் போனது.

ஐந்து டிஸ்கில் ஒன்று செத்தது.
பரவாயில்லை, நான்கு தாங்கும் என்றிருந்தேன்.
புது டிஸ்க் மேட்டுப்பாளையத்தில் நின்றது,
லாரியோடு, ஜேசிபிக்காக.
மூன்றாம் நாள் வந்தது. சொருகினேன்.
அறுபத்திரண்டு சதவீதம் மீண்டபோது
இன்னொன்று செத்தது.
தேயிலைப் பஞ்சு மின்விசிறியை அடைத்திருந்ததைப்
பிறகுதான் பார்த்தேன்,
பழுப்பாய், மெத்தென்று,
குருவிக்கூடு மாதிரி.

பேக்கப்புக்கும் அன்றைக்கும் இடையே ஒன்பது நாள்.
அந்த ஒன்பது நாளைத் தேடித்
துண்டுச்சீட்டுகளோடு வந்தார்கள்.
ஜக்கனாரை மாசியிடம் சீட்டு இல்லை,
மழையில் கரைந்துவிட்டது.
இருபத்து மூன்றரை என்றார்.
எப்படிச் சொல்றீங்க என்றேன்.
என்னைப் பார்த்த பார்வையில்
நான் சுமந்ததில்லை என்பது இருந்தது.

இருபத்து மூன்றரை என்றே எழுதினேன்.

ஆகவே இந்த முறை
டெமோவுக்கு வந்த இரண்டு பெட்டிகளும்
ஓடிக்கொண்டிருக்கும்போதே
ஒரு கன்ட்ரோலரைப் பிடுங்கினேன்.
ரேட்டிங் தாளில் இல்லாத பரீட்சை.
விற்க வந்தவர்கள் இருவருக்கும்
ஒரே நிறத்தில் முகம்.
முதல் பெட்டி அசரவில்லை,
ராணி மாதிரி.
இரண்டாவது நின்றது.
பச்சை விளக்குகள் மஞ்சளாகி, யோசித்து,
பத்தொன்பதாம் வினாடியில்
விட்ட இடத்திலிருந்து எடுத்தது.
ஒரு கிலோகூடக் குறையவில்லை.

இரண்டாவதையே எழுதினேன்.
மிச்சப் பணத்துக்குக்
கீழே இப்படிச் சேர்த்தேன்:
உதிரி டிஸ்க் ஆறு, உதிரி கன்ட்ரோலர் ஒன்று,
இங்கே, இந்த அலமாரியில்,
சாவி என்னிடமும் ஹேமலதாவிடமும்.
அதே பெட்டியில் இன்னொன்று
குன்னூர் கிடங்கில், ராத்திரிதோறும் பிரதி.
மின்விசிறிக்கு வலை. வாரம் ஒருமுறை பிரஷ்.

போஜன் சார் பேனாவைத் திறந்து
மறுபடி மூடினார்.
அந்தப் பத்தொன்பது வினாடி
இங்கே என்னம்மா ஆகும்?

கீழே எடை மேடையில் செபமாலை
ஒரு சாக்கைத் தூக்கித் தராசில் வைத்துவிட்டு
முள் அமைதியாகும்வரை
வெற்றிலையை இடது கன்னத்திலிருந்து
வலது கன்னத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார்.

அதுதான் சார், என்றேன்.